புள்ளி போட்ட நாட்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் டீச்சரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். போனில் கேட்டுப் பார்த்தாயிற்று. போன வாரம் நீ பேசியதை டீச்சர் எண்ணிச் சொன்னாள். மொத்தம் நான்கே வார்த்தை: "சொல்லுடா. இரு. அப்புறம் கூப்பிடறேன்." கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் உண்டு. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. உன் போன் உன்னுடையது இல்லை அக்கா, ஆஸ்பத்திரியுடையது. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் அங்கேயே கிடக்கும், கோபித்துக்கொள்ளாது.

விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர் முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம். செப்டம்பர் மூன்றாவது வாரம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். துறைமுகத்தில் ஐம்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவன், இந்த நாலு வரியை எழுத மூன்று காகிதம் கிழித்துவிட்டேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். "அந்த நேரத்துல அக்கா பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்கிறாள். போன முறை எட்டாம் மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்தபோது உன்னால் வர முடியவில்லை. குத்திக்காட்டவில்லை. பிறந்த குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரே வீட்டில் இருக்கும்போது அவளுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தானே?

பத்து நாள் போதும். வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

உன் அன்புத் தம்பி,
குரங்கு
(மரம் ஏறியதற்கு நீ வைத்த பேர். இப்போது அதற்குச் சம்பளமே தருகிறார்கள்.)

*

மார்ச் 29

என் அருமைக் குரங்குக்கு,

அக்கா எழுதுவது. உங்கள் இருவர் நலத்தையும், புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்றாவது ஆளின் நலத்தையும் கேட்டு எழுதுகிறேன். காகிதத்தைத் திருப்பிப் பார்க்காதே. பழைய காய்ச்சல் அட்டையின் பின்பக்கம் இது. வார்டில் வேறு அகப்படவில்லை.

உன் கடிதத்தை மருந்து அறையில் வைத்துப் படித்தேன். அழுகை வந்துவிட்டது. எங்கள் தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தார். பெரிய சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "என்ன டாக்டர், கண்ணுல தூசியா?" என்றார். "ஆமா சிஸ்டர்" என்றேன். இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருப்பவரை ஏமாற்ற முடியாது. ஏமாந்த மாதிரி இருந்துகொண்டார்.

டீச்சரிடம் சொல். இரத்த அழுத்தத்தை மாதம் தவறாமல் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. முகமோ கையோ வீங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. பயப்படவே கூடாது. போன முறை நடந்ததற்கு அவள் எந்த விதத்திலும் காரணம் இல்லை.

செப்டம்பரில் கட்டாயம் வருகிறேன். வார்டின் டியூட்டிப் பட்டியலைப் போடுவதே நான்தான். மாதக் கடைசியில் பெரிய அட்டையில் கட்டம் கட்டி, எந்த நாள் யார், காலையா மாலையா என்று எழுதுவேன். ஏழு டாக்டர் வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இருக்கிறோம். அதனால் சில கட்டங்கள் காலியாக நிற்கும். அவற்றில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். புள்ளி என்றால் நான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருவருக்கு வீட்டில் கைக்குழந்தை. நான் தனி ஆள்தானே, எனக்கென்ன?

கூப்பிடுகிறார்கள். இதை மூன்று நாளாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மூன்றாவது ஆளும் நலம், ஸ்கேனில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. உன் ஜாடை.

நீ வருவதாக எழுதிய வரியை டீச்சர் நாலு தடவை படித்தாள். பிறகு கடிதம் முழுவதையும் சிவப்பு மையால் திருத்திவிட்டாள். இரத்த அழுத்தத்துக்குச் சரி போட்டாள், மாத்திரைக்குச் சரி போட்டாள். அடியில், "முதல் கேள்விக்கு விடை எழுதவில்லை" என்று வட்டம் போட்டிருக்கிறாள். முதல் கேள்வி, நீ எப்படி இருக்கிறாய்?

உன் புள்ளி எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. எங்கள் கிரேனில் ஒரு ஆள் இரண்டு மணிநேரம்தான் இருக்கலாம். அடுத்தவன் ஏறி வந்ததும், இறங்குகிறவன் எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். காற்று எந்தப் பக்கம், எந்தக் கம்பி முனகுகிறது, கடைசிப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று ஒன்று விடாமல். சொல்லாமல் இறங்கினால் விசாரணைதான். நடுவில் முடியவில்லை என்றால் வயர்லெஸில் "இறங்கறேன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அதுதான் முறை. நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஒன்று காய்ச்சலில். இன்னொன்று போன குழந்தைக்குப் பிறகு, கீழே எல்லாம் மங்கலாகத் தெரிந்த அன்று.

இரும்புப் பெட்டியைத் தூக்குகிறவனுக்கே இவ்வளவு சட்டம். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற உனக்கு ஒன்றும் கிடையாதா?

விடை எழுது. இல்லாவிட்டால் டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாள்.

அன்புடன்,
தம்பி

*

மே 20

அன்புத் தம்பிக்கு,

நலமா? டீச்சரின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

பதில் தாமதமாகிவிட்டது. பரீட்சை எழுதியவள் தேறிவிட்டாள், வேறு இடத்துக்குப் போய்விட்டாள். நல்ல பெண், போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நீ ஏன் கேட்கிறாய் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது நான்கு பேர். தலைக்கு மேல் வேலை.

உங்கள் "இறங்கறேன்" எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். "நம்ம வார்டுல அப்படிச் சொன்னா, எங்க டாக்டர் இறங்கறீங்க, மாடி இல்லையேன்னு கேப்பாங்க" என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். சிரித்து நாளாயிற்று போலிருக்கிறது, விலா வலித்தது.

செப்டம்பர் பற்றிப் பார்க்கலாம். ஆள் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எடை ஆறு கிலோ கூடியிருக்கிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது. உன் கேள்விக்கெல்லாம் உடனே விடை எழுதிவிட்டேன் பார்.

மார்ச்சில் கட்டாயம். மே மாதத்தில் பார்க்கலாம். டாக்டர்கள் "பார்க்கலாம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று நோயாளி வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் அக்கா. டீச்சர் அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். மறுநாள் வகுப்பு முடிந்து வந்து, "அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருக்கிறாள்.

இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான். அதை எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றும் இல்லை. தனி ஆள் என்று நீ எழுதுகிறாய். எங்களுக்கு நீ ஒருத்திதான்.

கோபத்தோடும் அன்போடும்,
தம்பி

*

ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

உங்கள் நலமே என் நினைப்பு. டீச்சரை இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்.

உன் கோபம் நியாயமானது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு டாக்டர். ஒரு நாள் அந்த டாக்டருக்குக் காலை, மாலை இரண்டு முறையும் டியூட்டி. எங்களிடமும் உங்கள் மாதிரி வழக்கம் உண்டு. மதியம் இரண்டு மணிக்குப் போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு குழந்தையாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அன்று போகிறவரும் வருகிறவரும் ஒரே ஆள். யார் யாரிடம் சொல்வது? இரண்டு மணி வந்தது, போனது.

காலையில் ஒரு குழந்தைக்கு அந்த டாக்டர் ஊசி மருந்து எழுதினார். நாளுக்கு ஒரே தடவை போட வேண்டிய மருந்து. கூடிப்போனால் சிறுநீரகமும் காதும் கெடும். போட்டாயிற்று. மாலையில் அதே குழந்தைக்கு அதே மருந்தை மறுபடி எழுதினார். காலையில் எழுதியது நினைவில் துளியும் இல்லை. நர்ஸ்தான் கையை நீட்டித் தடுத்தார். "டாக்டர், காலையில நீங்க எழுதி, நான்தானே போட்டேன்?"

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்விட்டது. அந்த டாக்டரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். குழந்தை உதைக்கிறது, பந்து விளையாடுகிறவனோ என்னவோ.

நான் என்ன நினைக்கிறேன் என்றா கேட்கிறாய்? அந்த ஆளை முதலில் கீழே இறக்குங்கள்! எங்கள் துறைமுகமாக இருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். காலையில் செய்தது மாலையில் மறந்துபோகிற ஆளிடம் பச்சைக் குழந்தையை எப்படி நம்பிக் கொடுக்கிறீர்கள்? அப்படி ஒரு டாக்டர் கையில் நம் குழந்தை மாட்டக் கூடாது என்றுதான் நீ வரவேண்டும் என்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் இப்படி எல்லாம் நடக்குமா?

அந்த மறதி மன்னரை விடு. செப்டம்பர் என்ன ஆயிற்று? எழுது.

அன்புடன்,
தம்பி

*

ஆகஸ்ட் 2

அக்கா,

நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன். நலமா?

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நேற்று டீச்சர் உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, காலைக் கட்டமும் மாலைக் கட்டமும் ஒரே ஆளுக்குன்னு எழுதியிருக்காங்களே. அப்படி யாருங்க நிப்பாங்க அந்த வார்டுல? புள்ளி யாரு?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நீ என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாய். நான் உன் முகத்தில் அடித்த மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறேன். மறதி மன்னர் என்று வேறு. கிரேனில் இருந்து நான் இறங்கிய அன்று கீழே நின்றவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் உனக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

செப்டம்பருக்கு வராவிட்டால் பரவாயில்லை. ஒரு வரி எழுது. வெறும் காகிதத்தையாவது உறையில் போட்டு அனுப்பு.

தம்பி

*

ஆகஸ்ட் 14

மதிப்புக்குரிய தம்பி அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் அக்கா வேலை செய்யும் வார்டின் தலைமை நர்ஸ். உங்கள் முகவரியை உறையின் பின்பக்கம் பார்த்து எழுதுகிறேன். தங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதங்கள் இரண்டும் டாக்டரின் மேஜை இழுப்பறையில் இருந்தன. ஒன்று பிரித்தது. இன்னொன்று பிரிக்காதது. அதைப் பிரித்து இன்று அவருடைய சாப்பாட்டுத் தட்டின் மேல் வைத்தேன். பிரித்தேனே தவிரப் படிக்கவில்லை. தப்பென்றால் மன்னிக்கவும்.

அந்த ஊசி விஷயத்தை உங்களுக்கு எழுதியதாக டாக்டர் என்னிடம் சொன்னார். அன்று அது எனக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. குழந்தைக்குக் கெடுதல் எதுவும் இல்லாததால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். டாக்டர்தான் பதிவேட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த வார்டில் இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி எழுதிய இரண்டாவது ஆள் அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை சரிபார்க்கிறார். சாப்பிடுவதில்லை. "நீங்க உடம்பு சரியில்லாம இருக்கீங்க டாக்டர்" என்று சொன்னேன். "எனக்கென்ன சிஸ்டர், காய்ச்சலா?" என்றார்.

அவர் லீவு கேட்க மாட்டார். கேட்க வைப்பது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பெரிய சிஸ்டர்

*

ஆகஸ்ட் 27

என் தம்பிக்கும் டீச்சருக்கும்,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. முதல் கேள்விக்கு விடை அதுதான். எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

எப்போதிருந்து என்று தெரியவில்லை. குழந்தைகள் அழுவது காதில் விழுகிறது, மனதில் விழுவதில்லை. ஒரு குழந்தை பிழைத்துவிட்டது என்று தாய் காலைப் பிடிக்க வந்தாள். அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டுமே, இவள் எப்போது விடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், குழந்தையைப் பறிகொடுத்த அன்று நீ போன் செய்தபோது, வேலையில் இருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன். பொய். பார்த்தேன். ஏழு தடவை அடித்தது, ஏழு தடவையும் பார்த்தேன். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரிந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொள்ள என்னிடம் எதுவும் மிச்சமில்லை. போனை இழுப்பறையில் போட்டு மூடினேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

நேற்று செப்டம்பர் பட்டியல் போட்டேன். புள்ளி வைக்கவில்லை. பதினொரு கட்டம் காலி. எட்டாம் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்கு என் பெயரிலும் லீவு என்று எழுதி, அட்டையைக் கொண்டுபோய் எங்கள் சூப்பரின்டென்டென்ட் மேஜையில் வைத்தேன்.

"இதுல யாரு?" என்றார்.

"யாரும் இல்ல சார்."

"எப்பவும் நிரம்பித்தானே வரும்?"

"அது எல்லாம் நான்தான் சார்."

கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மூணு வருஷமா ஆள் பத்தலைன்னு எனக்கு ஒரு காகிதம்கூட வரலையே டாக்டர்" என்றார். வராமல் பார்த்துக்கொண்டது நான். வார்டைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டு பள்ளத்தைப் பூசி மெழுகியிருக்கிறேன். வேறு ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு டாக்டரை அனுப்புகிறார்கள். மிச்சக் கட்டங்கள் மற்ற மூவர் தலையில் விழுகின்றன. அதில் ஒருவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வலிக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 9, காலை ஒன்பதே கால்
சாப்பாட்டு மேஜையில் வைத்தது

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பக்கத்து அறையில் சுகமாகத் தூங்குகிறாய். குறட்டையும் உண்டு. நேற்று மாலை நான்கு மணிக்கு வந்தாய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தாய். பதினேழு மணிநேரம் ஆயிற்று. மூச்சு வருகிறதா என்று டீச்சர் இரண்டு தடவை வந்து பார்த்தாள்.

அந்த ஏழு தடவை விஷயம். நேரில் சொல்ல இருந்தேன், தூங்கிவிட்டாய். படித்ததும் கோபம் வந்தது. மூன்று நாள் உன் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு, இரண்டு வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய் என்று தோன்றியது. கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நீ எழுந்ததும் நன்றாகத் திட்டிவிட்டு விட்டுவிடுகிறேன்.

டீச்சருக்கு ஏழு மணிக்கு வலி தொடங்கிவிட்டது. பத்து நாள் முன்னாலேயே! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன்னை எழுப்ப ஓடினேன். டீச்சர் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "எழுப்பாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். அங்க இருக்கற குழந்தைங்க டாக்டர் ஒரு வாரம் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வந்திருக்காராம். நல்லாத் தூங்கி எழுந்தவர். அவரே பாக்கட்டும்."

ஆறு மாதமாக நீதான் வேண்டும் என்றவள் அவள், அக்கா. வண்டி வந்துவிட்டது. பிளாஸ்கில் காபி இருக்கிறது. வாசலில் இருந்து இடப்பக்கம் திரும்பி நேராக நடந்தால் ஆஸ்பத்திரி.

தம்பி

*

அக்டோபர் 5

அன்புள்ள டீச்சருக்கு,

உனக்குத் தனியாக நான் எழுதும் முதல் கடிதம் இது. நீயும் மகளும் நலமா? அந்தக் குரங்கு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலமாரி மேல் ஏறாமல் இருக்கிறதா?

நான் முன்னைவிடப் பரவாயில்லை. வாரம் ஒரு தடவை ஒரு டாக்டரிடம் போகிறேன், மனதுக்கு. வார்டில் என்னிடம் பேசாமல் இருந்த டாக்டர் இப்போது பாதி பேசுகிறார். அக்டோபர் பட்டியலில் ஆறு கட்டம் காலி. கை பென்சிலுக்குப் போகவில்லை என்று சொல்லமாட்டேன். பெரிய சிஸ்டர் பென்சிலை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு எழுந்தபோது மணி பன்னிரண்டு. மேஜையில் இருந்த கடிதத்தைப் படித்ததும் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதியே ஆகவேண்டும். என்னை விட்டுவிட்டு யாரோ ஒரு டாக்டரா? தூங்கி எழுந்தவர் என்பது ஒரு தகுதியா? வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, நான் அழுதுகொண்டிருக்கிறேன். நீ செய்தது சரி. என் வார்டில் இருக்கிற எந்தத் தாய்க்கும் அப்படித் தேர்ந்தெடுக்க வழி இருக்கவில்லை, அதை நினைத்துத்தான் அழுதேன்.

நான் உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ கண்ணை மூடியிருந்தாய், அதனால் இது உனக்குத் தெரியாது. அந்த டாக்டர், பளிச்சென்று இருந்தார் மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நீங்களும் டாக்டராமே. வாங்க, எடை ரெண்டு எழுநூறு, மூச்சு, இதயம் எல்லாம் நல்லா இருக்கு, பாருங்க" என்று சீட்டை நீட்டினார். என் கையும் தானாக நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"நான் டாக்டரா வரல. அத்தை" என்றேன்.

"அப்ப உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன், டீச்சர். ஒரு குழந்தையைக்கூட உட்கார்ந்துகொண்டு தூக்கியதில்லை.

இப்படிக்கு,
உன் மகளின் அத்தை